ஒரே வெட்டுக்கான அரிவாள்

ஆடி நெருங்கினால், கொருக்குப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு இரண்டு வகை அரிவாள் வேலை வரும். ஒன்று, சொந்த ஊர்க் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கேட்பது. ஆள் உயரத்துக்குக்கூடச் செய்யச் சொல்வார்கள். சாமி முன்னால் நட்டு வைப்பதற்குத்தான் என்பதால் கூர் தேவையில்லை. இன்னொன்று கிடா வெட்டும் அரிவாள். பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். எனக்குப் பயம் தருவது அதுதான்.

மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்பார்கள். அப்புறம் தலை ஒரே வீச்சில் விழவேண்டும். இரண்டாவது வெட்டு குடும்பத்துக்கு ஆகாது என்று அஞ்சுபவர்கள் உண்டு. எனக்கு ஆட்டின் வேதனைதான் பெரிதாகத் தெரிகிறது. வெட்டுபவரின் கைக்கு நான் பொறுப்பில்லை, இரும்புக்குப் பொறுப்பு.

லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அடிக்கிறோம். முனைப் பக்கம் கனமாக விடவேண்டும். வீசும்போது அந்தக் கனமே பாதி வேலையைச் செய்யும். வங்காளத்துக் காளி கோயில்களில் பலிக்கு எடுக்கும், கண் வரைந்த ராம்தா என்ற வெட்டுக் கத்தியிலும் இதே கணக்குதான். துவைச்சல்தான், அதாவது இரும்பைக் காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றுவதுதான் கஷ்டம். வாய்ப் பகுதியை, அதாவது வெட்டும் விளிம்பை, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் இரும்பு கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாக ஆகிவிடும். அப்படியே விட்டால் எலும்பில் பட்டதும் பல் விழும். அதனால் தேய்த்துவிட்டு, திரும்ப மெதுவாகச் சூடு காட்டி, வைக்கோல் நிறம் ஓடிப் பழுப்பு ஏறும்போது நிறுத்தவேண்டும். சூடு அதற்கு மேல் போனால் வாய் சீக்கிரம் மழுங்கும்.

1950-ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தை 2003-இல் அரசு கறாராக அமல்படுத்தியது. 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. பலியே வேண்டாம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெட்டு நடக்கிற வரைக்கும் அது மொண்ணை அரிவாளால் நடக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

போன ஆடியில் ஒருவர் அலங்காரக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். "இதுக்கே சாணை புடிச்சுக் குடுங்கண்ணே, நாளைக்குக் கிடா வெட்டு" என்றார். மெல்லிய தகடு, பித்தளைப் பூச்சு போட்ட பிடி. முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சரி என்று, பட்டறையில் இருந்த பழைய அரிவாளுக்கு வாய் தீட்டி, காசு வாங்காமல் கொடுத்தேன். "வேலை முடிஞ்சதும் கழுவித் தொடச்சு, எண்ணெய் தடவிக் கொண்டாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.