ஏல வாரம்: ஒஹாயோ நாட்குறிப்பு

ஜூலை 20, ஞாயிறு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் கவுண்ட்டிக் (மாவட்டம் போன்றது) கண்காட்சி. பிள்ளைகள் வளர்த்த பன்றிகளை ஏலம் விடும் வாரம் இது. இன்று எடை போடும் நாள். விடியும் முன்பே டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. என் வேலை, ஒவ்வொரு பன்றியின் காதுவில்லையிலும் உள்ள எண்ணைப் படித்து உரக்கச் சொல்வது. பன்றி மனது வைத்தால் சுலபமான வேலைதான். பெரும்பாலானவை வைக்கவில்லை.

ஏப்ரலில் 60 பவுண்டு எடையுள்ள குட்டியாகப் பிள்ளைகள் வாங்கியவை, இப்போது தராசில் 260, 270 என்று காட்டுகின்றன. நாளொன்றுக்கு இரண்டு பவுண்டுக்கு மேல் வளர்ச்சி. எடையோடு ஒரு மருந்துப் படிவமும் உண்டு. என்ன மருந்து போட்டார்கள், அது உடம்பிலிருந்து நீங்க வேண்டிய நாட்கள் கழிந்துவிட்டனவா என்று எழுதித் தர வேண்டும். கடைசியில் யாரோ சாப்பிடப் போகிற இறைச்சி, அதனால் இதில் சலுகை கிடையாது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி அப்பாவிடம் பேனாவை நீட்டினான்.

ஜூலை 21, திங்கள்

கொடுமையான வெயில். வியர்த்து உடம்பை ஆற்றிக்கொள்ளப் பன்றிக்கு வழியில்லை. அதனால் பட்டிக்குப் பட்டி மின்விசிறி ஓடுகிறது.

என்னைக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டார்கள். தின்பண்டத்தோடு உள்ளே யாரையும் விடக்கூடாது, வெளியே வருகிறவர்களைக் கை கழுவச் சொல்ல வேண்டும். 2012இல் பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய எச்3என்2 வகைக் காய்ச்சல் நாடு முழுக்க 300 பேருக்கு மேல் வந்தது. ஒஹாயோவிலும் இண்டியானாவிலும்தான் அதிகம், பெரும்பாலும் இப்படிப்பட்ட கண்காட்சிகளுக்குப் போய் வந்தவர்கள். இதையெல்லாம் விளக்கினால் யாரும் கேட்பதில்லை. “பன்றி உங்கள் ஜூஸைப் பிடுங்கிவிடும்” என்றால் உடனே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

கையாளும் திறனுக்கான போட்டி. இதில் பன்றியின் உடற்கட்டுக்கு மதிப்பெண் இல்லை, பிள்ளைக்குத்தான். சின்னக் குச்சியால் மெல்லத் தட்டி, நடுவரின் பார்வையில் படும்படி பன்றியை நடத்த வேண்டும். கண்ணை நடுவரிடமிருந்து எடுக்கக் கூடாது. நடுவே கேள்வியும் வரும்: தீவனத்தில் புரதம் எவ்வளவு, இதன் உடம்பில் எதை மாற்றுவாய்?

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, “முன்தோள் இன்னும் கொஞ்சம் நேராக இருந்தால் நடை நன்றாக இருக்கும்” என்று தன் பன்றியைத் தானே குறை சொன்னாள். நடுவர் மைக்கில் அவளைப் பாராட்டினார். அவளுக்குச் சொந்த நிலம் இல்லை. அம்மா ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட், பன்றி வளர்ந்தது தோழி வீட்டுக் கொட்டகையில்.

பிள்ளைகளுக்கு இப்படிச் செய்து பழகக் கற்றுத்தரும் 4-எச் என்ற இளையோர் சங்கங்களுக்கு வித்து விழுந்ததும் ஒஹாயோவில்தான். 1902இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் பிள்ளைகளைக் கூட்டினார். அன்றைக்குப் பேசியது மக்காச்சோளம், காய்கறி, மண் பரிசோதனை. பன்றியெல்லாம் பிற்பாடு.

ஜூலை 24, வியாழன்

ஏலம். நான் கணக்கெழுதும் மேசையில்.

எங்கள் கவுண்ட்டியில் நடப்பது பிரீமியம் ஏலம். பணம் கொடுப்பவருக்குப் பன்றி கிடைக்காது. அது அன்றைய சந்தை விலைக்கு இறைச்சி ஆலைக்குப் போகும், அந்தப் பணம் பிள்ளைக்கு. ஏலத்தில் கேட்பது அதற்கு மேல் தரும் தொகையைத்தான். சந்தை விலை பவுண்டுக்கு 70 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 270 பவுண்டுப் பன்றிக்கு 189 டாலர். ஒரு பவுண்டு எடை கூடவே ஏறக்குறைய மூன்று பவுண்டு தீவனம் தின்கிற பிராணி அது. குட்டி விலையும் சேர்ந்தால் கட்டாது. உள்ளூர் வங்கியோ விதைக்கடையோ “எழுநூறு!” என்று கை தூக்கினால்தான் பிள்ளைக்கு மிஞ்சும்.

சுருக்கமாகச் சொன்னால், இது மொய். என் முன்னால் இருப்பது மொய் நோட்டு. யார் எந்த வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு செய்தார் என்பது ஊருக்கே தெரியும். அந்த வீட்டார் அடுத்த விதை மூட்டையை எங்கே வாங்குவார்கள் என்பதும் தெரியும்.

மொய்யில் இருக்கிற கோளாறும் இதில் அப்படியே இருக்கிறது. ஏலக்காரர் மூச்சுவிடாமல் பாடுகிறார், ஆனால் எந்தப் பெயருக்குக் கைகள் தானாக எழும் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. தாத்தா தானியக் கிடங்கு நடத்தும் பையனுக்கு 1,500. அவனுக்குச் சற்றுப் பின்னால் வந்த செவ்வாய்க்கிழமைப் பெண்ணுக்கு 250. ஊர் சேர்ந்து பிள்ளைகளைத் தூக்கிவிடுகிறது என்று மேடையில் பேசுகிறார்கள். தூக்குகிறதுதான், ஏற்கெனவே உயரத்தில் இருப்பவரை இன்னும் சுலபமாக.

நல்ல வேளையாக, ஏலம் முடிந்த பிறகும் யார் பெயரிலும் தொகை சேர்க்கலாம். ‘ஆட்-ஆன்’ என்பார்கள். அவள் பெயரில் 50 எழுதினேன். தராசுக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்தார், “இந்த வருஷம் 250 தானா?” என்று முணுமுணுத்தார், 100 எழுதச் சொன்னார். அப்புறம் அவர் பேச்சுத்துணைக்குப் போன இடத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மேசையை மூடும்போது 610.

ஜூலை 25, வெள்ளி

ராத்திரியே லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் அழுவார்கள் என்று என்னை எச்சரித்திருந்தார்கள். முதல் வருடப் பிள்ளைகள் சிலர் அழுதார்கள். மற்றவர்கள் பொரித்த உருளைக்கிழங்கு வரிசையில் நின்று அடுத்த வருடத்துக் குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்று கணக்கு நேர் பார்க்கும் வேலை. பணம் தந்தவருக்கு நன்றிக் கடிதம் எழுதிக் கொண்டுவந்தால்தான் காசோலை கைக்கு வரும் என்பது இங்கே விதி. அந்தப் பெண் ஒரு கட்டு உறையோடு வந்தாள், ஆட்-ஆன் போட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. எனக்கும் ஒன்று. தீவனச் செலவு போக எவ்வளவு மிஞ்சியது, அதில் எவ்வளவு அடுத்த குட்டிக்கு என்று கணக்கே எழுதியிருந்தாள்.

அடுத்த வருடக் குழுக் கூட்டத்தில், குறைவாகப் போகும் ஏலங்களுக்கென்று ஒரு பொது நிதி வைக்கலாமா என்று கேட்கப்போகிறேன். தராசுக்காரர் ஆதரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். தானியக் கிடங்குத் தாத்தாவிடம் யார் பேசுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.