விடியலைத் தடுத்த ஆள்

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் பைபிள் மேற்கோள் ஒன்று வந்தது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் 119ஆம் சங்கீதம், 147ஆம் வசனம்: ‘ஐ பிரிவென்டட் த டானிங் ஆஃப் த மார்னிங்.’ தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. அகராதிப் பக்கமே போகாமல் ‘விடியலை நான் தடுத்து நிறுத்தினேன்’ என்று எழுதினேன். எழுதியதோடு விடவில்லை, அடடா என்று கொஞ்ச நேரம் அதை ரசித்துக்கொண்டும் இருந்தேன்.

மறுநாள் எடிட்டர் போன் செய்தார். “ஏங்க, அந்த ஆளு சூரியனை எதைப் போட்டு மறைச்சாரு?”

தமிழ் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்த இடத்தில் சாதுவாக ‘அதிகாலையில்’ என்று இருக்கிறது. ‘பிரிவென்ட்’ லத்தீனிலிருந்து வந்த சொல். முன்னால் வருவது என்பதுதான் அதன் மூலப்பொருள். 1611இல் அந்தப் பொருள் இன்னும் புழக்கத்தில் இருந்தது. மனிதர் விடியலை முந்திக்கொண்டு எழுந்துவிட்டார், அவ்வளவுதான். முந்திப் போனவன் வழியில் நின்றுகொண்டால் பின்னால் வருபவன் என்ன செய்வான்? ‘தடு’ என்ற பொருள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து எனக்குத் தெரியாத சொற்களிடம் பயமில்லை. ‘சென்நைட்’ என்று ஒன்று வந்தால் முழித்துவிட்டு அகராதியைத் திறப்பேன்; ஏழு இரவு, அதாவது ஒரு வாரம் என்று அது சொல்லிவிடும். கழுத்தை அறுப்பவை தெரிந்த முகத்தோடு வருகிறவைதான். ‘லெட்’ என்றால் அனுமதிப்பது என்று குழந்தைக்கும் தெரியும். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இளவரசன் தன் தந்தையின் ஆவியைப் பின்தொடரப் போகும்போது நண்பர்கள் பிடித்து இழுக்கிறார்கள். ‘என்னை லெட் பண்ணுகிறவனை ஆவியாக்கிவிடுவேன்’ என்கிறான். அனுமதித்தவனை எதற்குக் கொல்ல வேண்டும்? பழைய ஆங்கிலத்தில் தடுப்பதற்கென்று தனியாக ஒரு சொல் இருந்தது. ‘லேட்’ என்பதன் உறவு. காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. தடுக்கிற ‘லெட்’ பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் ‘வித்அவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்’ என்று இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

‘மீட்’ இன்னும் வேடிக்கை. அதே கிங் ஜேம்ஸ் பைபிளில், லேவியராகமம் 2ஆம் அதிகாரத்தில் ‘மீட் ஆஃபரிங்’ வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். மருந்துக்குக்கூட இறைச்சி இல்லை. அந்தக் காலத்தில் எந்தச் சாப்பாடும் ‘மீட்’தான். ‘கேர்ள்’ ஒரு காலத்தில் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் குறித்தது. ‘சில்லி’ ஆசீர்வதிக்கப்பட்டவனாக இருந்து அசடனாகிப்போனான். தொல்காப்பியத்தில் தலைவனாக இருந்த ‘கிழவன்’ இன்று திண்ணைக்கு வந்துவிட்டதைப் பார்த்த நமக்கு இதெல்லாம் பெரிய அதிர்ச்சி இல்லை.

‘தௌ’ வந்தால் மட்டும் நான் கொஞ்சம் குஷியாகிவிடுவேன். ஜெபத்திலும் கவிதையிலும் மட்டுமே கேட்டுப் பழகியதால், அது ‘தாங்கள்’ போல மரியாதையான சொல் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். ‘தௌ’ நம்முடைய ‘நீ’, மரியாதைக்கு ‘யூ’. 1603இல் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக், ராலேயைப் பார்த்து ‘ஐ தௌ தீ, தௌ டிரெய்ட்டர்’ என்று கத்தினார். ‘தௌ’வையே வினைச்சொல்லாக்கிவிட்டார்! ‘உன்னை நீ என்றுதான் கூப்பிடுவேன்டா, துரோகி.’ இங்கிலீஷ்காரர்களுக்கே இன்று இதற்கு அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கிறது. நமக்கு ‘ஏகவசனத்தில் ஏசினார்’ என்றால் போதும். பின்னால் வந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நீதிபதி உட்பட எல்லோரையும் ‘தௌ’ என்றே அழைத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் கடவுளை மட்டும் நெடுங்காலம் ‘யூ’வுக்கு மாற்றவில்லை. நாமும்தான் சாமியிடம் ‘நீங்கள்’ போட்டுப் பேசுவதில்லையே.

இன்று மேசையில் இருக்கும் பக்கத்தில் ‘பிரசன்ட்லி’ வந்து நிற்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அதற்கு ‘உடனே’ என்று பொருள். பிறகு ‘கொஞ்ச நேரத்தில்’ என்று இளகிவிட்டது. ‘சூன்’, ‘அனான்’ இரண்டும்கூட ஒரு காலத்தில் ‘உடனே’ என்றிருந்து இப்படியே தளர்ந்தவைதான். சொன்னபடி உடனே வராதவர்கள் எல்லாம் சேர்ந்து கெடுத்துவைத்த சொற்கள்.

எடிட்டர் இப்போதுதான் மறுபடி கூப்பிட்டார், பக்கங்கள் எப்போது வரும் என்று.

“இதோ முடிச்சுட்டேங்க” என்றேன். பாதி பாக்கி இருக்கிறது.