தன்பதிவேட்டுக்கும் பாடநூலுக்கும் நடுவே ஒரு முதுகலை

எல்லோரும் இக்னோ என்று சொல்லும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், 2017 ஜூலை சேர்க்கையில், பொது நிர்வாக முதுகலைப் படிப்புக்கு நான் பதிவு செய்தபோது எனக்கு வயது 38. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். மூத்தவள் எட்டாம் வகுப்பிலும் இளையவன் மூன்றாம் வகுப்பிலும் படித்துக்கொண்டிருந்தார்கள். உயர்கல்விக்குத் துறையின் முன் அனுமதி கேட்டு மனு எழுதிய அன்று, இரண்டு ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று உறுதியாக நம்பினேன். இரண்டரை ஆண்டுகள் ஆயின.

இந்தப் படிப்புக்கு மொத்தம் 64 மதிப்பலகுகள் (கிரெடிட்). ஒரு மதிப்பலகுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. 1,920 மணி நேரத்தை இரண்டு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. அதில் ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. என்னிடம் இருந்ததோ அதிகாலை நாலே காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை உள்ள ஒன்றரை மணி நேரம்தான். அதற்குப் பிறகு தண்ணீர் வரும், உலை வைக்க வேண்டும். பேருந்தில் போகும் நாற்பது நிமிடத்தையும் படிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். நின்றுகொண்டு போகும் பேருந்தில் புதுப் பாடம் மண்டையில் ஏறவில்லை. காலையில் படித்ததிலிருந்து ஐந்து கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போய், அவற்றுக்கு மனத்துக்குள் விடை சொல்லிப் பார்ப்பது மட்டும் பலித்தது.

நேரத்தைவிடப் பெரிய தடை மொழி. நான் இளங்கலை வரலாற்றைத் தமிழ் வழியில் படித்தவள். இந்தப் படிப்போ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் இருந்தது. முதல் மாதம் ஒரு நாளைக்கு மூன்று பக்கம்கூட நகரவில்லை. அப்போது ஒரு நீள நோட்டுப் புத்தகத்தை எடுத்து, புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் எங்கள் அலுவலகத் தமிழில் விளக்கம் எழுதத் தொடங்கினேன். அகராதியில் இருக்கும் பொருளை எழுதுவதோடு நிறுத்தாமல், அந்தச் சொல் எங்கள் பிரிவில் எந்தக் கோப்பில், எந்த மேசையில் நடக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினேன். டெலிகேஷன், டெவல்யூஷன் ஆகிய இரண்டையும் நாங்கள் பேச்சில் ‘அதிகாரப் பகிர்வு’ என்றே சொல்லிவிடுகிறோம். வட்டாட்சியர் தம் அதிகாரத்தில் ஒரு பகுதியைத் துணை வட்டாட்சியருக்குக் கொடுத்து, பொறுப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்வது டெலிகேஷன். ஊராட்சிக்குச் சட்டமே அதிகாரம் தருவது டெவல்யூஷன், அது முற்றிலும் வேறொன்று. இந்த வேறுபாட்டை நோட்டில் எழுதிப் பிரித்த அன்று, இந்தப் படிப்பு எனக்கு எட்டும் என்ற தைரியம் வந்தது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரும் அப்படித்தான் புரிந்தார். அதிகாரிகளின் படிநிலை, எழுத்து ஆவணம், ஆளைப் பார்க்காமல் விதியைப் பார்ப்பது என்று அவர் வகுத்த இலக்கணம், என் மேசைக்கு வரும் தபால்களை நான் நாள்தோறும் பதிந்துகொண்டிருந்த தன்பதிவேட்டில் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒரு தபால் வந்த நாள், அதன் மீது எடுத்த நடவடிக்கை, நினைவூட்டு, முடிவு என்று தன்பதிவேட்டின் ஒவ்வொரு பத்தியும் எதற்காக இருக்கிறது என்பதைப் பதினோரு ஆண்டுப் பணிக்குப் பிறகு, விடியற்காலையில் ஒரு பாடநூல் எனக்குச் சொல்லித்தந்தது. எல்லாத் தகவலையும் அறிந்து எவராலும் முடிவெடுக்க முடியாது, கிடைத்ததைக் கொண்டு போதுமான முடிவையே மனிதர்கள் எடுக்கிறார்கள் என்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் சொல்வதைப் படித்தபோது, எங்கள் அலுவலர்கள் மேல் எனக்கிருந்த சில பழைய கோபங்கள் தணிந்தன.

திறந்தநிலைப் படிப்பில் மதிப்பெண்ணில் 30 விழுக்காடு கையால் எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கும், 70 விழுக்காடு பருவ இறுதித் தேர்வுக்கும் போகிறது. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். வருவாய்த் துறையில் இருப்பவர்களுக்கு ஜூன் என்றால் என்னவென்று தெரியும். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. மே, ஜூன் மாதங்களில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தி. அந்தக் கணக்குகள் மேசையில் மலைபோல் குவிந்திருக்கும் நாட்களில் விடுப்புக் கேட்பது எனக்கே கூச்சமாக இருந்தது. 2018 ஜூனில் நான்கு தாள்களில் இரண்டை மட்டும் எழுதினேன். அவற்றிலும் ஒன்றில், எழுத வேண்டிய ஐந்து வினாக்களில் நான்கைத்தான் முடித்தேன். விடை தெரிந்திருந்தும் ஆங்கிலத்தில் கை ஓடவில்லை. அதன்பின் ஞாயிறுதோறும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு விடையாவது முழுமையாக எழுதிப் பார்த்தேன். படிப்பதைக் குறைத்து எழுதுவதைக் கூட்டியிருக்க வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மீதி இரண்டு தாள்களை டிசம்பரில் எழுத விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்தியிருந்தேன். நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தோப்பில் 80 தென்னைகளில் 62 சாய்ந்தன. என் கணவர் அந்தத் தோப்பின் நடுவில் போய் நின்றதும், அவரருகே பத்து நிமிடம்கூட நிற்க முடியாமல் நான் அலுவலகத்துக்குக் கிளம்பியதும் இன்றும் என் மனத்தை அறுக்கின்றன. முகாம்கள், அரிசி, தார்ப்பாய், பிறகு கணக்கெடுப்பு. தென்னை மரம் ஒன்றுக்கு இழப்பீடு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்தப் பட்டியல்களைச் சரிபார்த்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினால், வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. டிசம்பர்த் தேர்வுக்கு நான் போகவில்லை. அதற்காக வருந்தவுமில்லை, அந்த நேரத்தில் தேர்வு அறையில் உட்கார்ந்திருந்தால்தான் வருந்தியிருப்பேன்.

2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகுதான் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தேன். ஜூனில் நான்கு தாள்கள் எழுத வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று பேரிடர் மேலாண்மை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும், எச்சரிக்கை, மீட்பு, நிவாரணம், மறுசீரமைப்பு என்னும் கட்டங்களையும் படித்தபோது ஒவ்வொரு வரியிலும் ஒரு முகம் தெரிந்தது. நான் மிக விரைவாக எழுதி முடித்த தாள் அது.

அந்த ஜூன் மாதத்தை எனக்குச் சாத்தியமாக்கியவர் என் மாமியார். “கணக்கு எழுதப் போறதும் பரீட்சை எழுதப் போறதும் ஒண்ணுதாம்மா, போய் எழுதிட்டு வா” என்று சொல்லி, தேர்வு நாட்களில் அடுப்படியை முழுவதும் தாமே எடுத்துக்கொண்டார். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டித் தருவார். அவர் தோள் கொடுத்ததால் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இளையவன் நான்காம் வகுப்பில் இருந்த ஆண்டில் அவனது பள்ளியின் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்கும் நான் போகவில்லை. அந்த ஆண்டு திரும்ப வராது. வேலையும் வீடும் படிப்பும் ஒரே நேரத்தில் சமமாக நிற்கும் என்று யாரேனும் சொன்னால் நான் நம்புவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று காத்திருந்தது, எது காத்திருக்கலாம் என்பதை நானும் கணவரும் மாமியாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம்.

கடைசி இரண்டு தாள்களை 2019 டிசம்பரில் எழுதினேன். ஒன்று அதிகாரப் பரவலும் உள்ளாட்சியும் பற்றியது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியிருக்க, தமிழ்நாட்டு ஊராட்சிகள் 2016 அக்டோபரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாமல் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரகத் தேர்தல் அறிவிக்கப்பட்டு, அலுவலகமெங்கும் அதே பேச்சாக இருந்த நேரம். அந்த மூன்று ஆண்டுகளில் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் யாரிடம் போவதென்று தெரியாமல் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றவர்களை நினைத்துக்கொண்டே அந்த விடையை எழுதினேன்.

தேர்ச்சி பெற்ற பிறகு எங்கள் பிரிவின் இளநிலை உதவியாளர் ஒருவர், “அக்கா, நானும் சேரலாம்னு இருக்கேன், எனக்கும் தமிழ் மீடியம்தான்” என்று வந்தார். பாடநூல்களோடு அந்த நீள நோட்டையும் அவரிடம் கொடுத்தேன். கடைசி இருபது பக்கங்கள் எழுதாமல் இருந்தன.