மசாமா கேபினுக்கு ஒரு ஆன்டெனா

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டேட் ரூட் 20, பனிக்காலம் வந்தால் மூடிவிடும். பனிச்சரிவு பயம். வழியிலுள்ள வாஷிங்டன் பாஸ் என்ற கணவாய் 5,477 அடி உயரம். வசந்தத்தில் பனியை வெட்டித் தள்ளிய பிறகுதான் திறப்பார்கள். அதுவரை சியாட்டிலிலிருந்து மசாமா போக ஸ்டீவன்ஸ் பாஸ், வெனாட்சி என்று சுற்றித்தான் மெத்தோ பள்ளத்தாக்குக்குள் நுழைய வேண்டும். நண்பனின் கேபின் அங்கேதான். போன் சிக்னல் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். பாதிப் பேர் ஸ்கீ தடத்திலும் பாதிப் பேர் அடுப்படியிலும் இருந்தால், சாப்பாடு ரெடி என்று சொல்லக்கூட வழியில்லை.

அதற்குத்தான் ஜிஎம்ஆர்எஸ் ரேடியோ, அதாவது பொதுமக்கள் லைசென்ஸ் எடுத்துப் பேசும் வாக்கி-டாக்கி வகை. ஹாம் என்கிற அமெச்சூர் ரேடியோ மாதிரி பரீட்சை கிடையாது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்கு 35 டாலர் கட்டினால் பத்து வருஷ லைசென்ஸ், குடும்பம் முழுக்கப் பேசலாம். மச்சினனும் அதில் அடக்கம். வாய்வார்த்தைக்கு 'மச்சான்' என்று கூப்பிடும் நண்பன் அடக்கமில்லை என்பதால் அவன் தனியாக ஒன்று எடுத்தான்.

கேபினில் வைக்க 50 வாட் ரேடியோவை ஏற்கெனவே வாங்கியிருந்தான். மிச்சம் ஆன்டெனா மட்டும்தான்.

"டிபி எதுல அதிகமோ அதையே வாங்கிடுவோம்டா. ஒரு தடவைதானே செலவு?"

கடைக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். டிபி (டெசிபல்) என்றால், ஆன்டெனா அலையை ஒரு பக்கமாக எவ்வளவு குவித்து அனுப்புகிறது என்ற அளவு. ஆனால் ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை, இருப்பதைத் திசை மாற்றி விடுகிறது, அவ்வளவுதான். சாதாரண செங்குத்து ஆன்டெனாவின் வீச்சு, குச்சியில் கோத்த மெதுவடை மாதிரி. டிபி கூடக் கூட, வடையை உள்ளங்கையால் அழுத்துகிற கதை: அகலம் கூடும், உயரம் குறையும். சமவெளிப் பண்ணை வீட்டுக்கு அது பிரமாதம். மசாமாவிலோ தரை சுமார் 2,100 அடி, தலைக்கு மேலே நிற்கும் கோட் பீக் 7,000 அடி. கோடையில் மேலே ஏறுகிறவர்களிடம் பேச வேண்டுமென்றால் தட்டையான வீச்சு அவர்கள் காலுக்குக் கீழே போய்விடும். அதனால் 3 டிபி அளவிலான குட்டை ஃபைபர்கிளாஸ் ஆன்டெனா போதும் என்றேன். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது: சாதாரண டைபோல் ஆன்டெனாவோடு ஒப்பிடும் டிபிடி கணக்கை, எல்லாப் பக்கமும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிடும் டிபிஐ என்று மாற்றி எழுதினாலே 2.15 கூடிவிடும்.

மிச்சமான பணத்தைக் கேபிளில் போடச் சொன்னேன். என்னைக் கேட்டால் கேபிள்தான் முக்கியம். ஜிஎம்ஆர்எஸ் பேசும் 462 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை 50 அடி இழுத்தால், 50 வாட்டில் 15 வாட் மேலே போய்ச் சேர்ந்தால் பெரிய விஷயம். அதே தூரத்துக்கு எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் போட்டால் 36, 37 வாட் தேறும். கேட்கும் பக்கத்திலும் இதே கணக்குதான். கையில் 5 வாட் வாக்கி-டாக்கி வைத்திருப்பவர் தடத்திலிருந்து அனுப்பும் பலவீனமான பதிலை ரேடியோவின் 50 வாட் காப்பாற்றாது. நல்ல கேபிளும் உயரமும்தான் காப்பாற்றும். இன்னொன்று, மோசமான நீளக் கேபிள் போட்டால், ஆன்டெனாவில் பட்டு எவ்வளவு அலை திரும்புகிறது என்று அளக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் எல்லாம் சரி என்பது போலவே காட்டும். திரும்பி வரும் அலையையும் வழியிலேயே தின்றுவிடுகிறதே!

எங்கே நடுவது என்பதில்தான் அரை நாள் போனது. கேபினுக்குத் தகரக் கூரை, பனி சரிந்து விழட்டும் என்றே போட்டது. சரியும்போது வழியில் எது இருந்தாலும் பிடுங்கிக்கொண்டு போகும். ஆகவே பனி இறங்காத முக்கோணச் சுவர்ப் பக்கம் கம்பத்தைப் பிடித்தோம், கூரை உச்சிக்கு மேலே ஆன்டெனா நிற்கும்படி. விரல் தடிமன் எல்எம்ஆர் சொன்னபடி வளையாது; சுவர் ஓட்டைக்கு வெளியே தண்ணீர் சொட்டுவதற்காக ஒரு தொங்கல் விட்டு, ஜாயின்டில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினேன். குளிரில் விரல் மரத்துப்போய் டேப் பாதிக்கு மேல் கையுறையில்தான் ஒட்டியது. கம்பத்துக்கும் மின்னல் தடுப்பானுக்கும் எர்த் கொடுத்து, அதை வீட்டு எர்த்தோடு இணைத்தாயிற்று.

இப்போது ஆற்றோரத் தடத்தில் பேச்சு சுத்தமாகக் கேட்கிறது. ஹார்ட்ஸ் பாஸ் சாலையில் மலை குறுக்கே வரும் வளைவுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அங்கே எந்த ஆன்டெனாவும் உதவாது, மேட்டில், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும். நண்பன் அதற்கும் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டான்.