பெரிய டிவியும் பழைய சிக்னலும்

கடலோர ஊரான மண்டபத்தில் மாமா வீட்டுக்குப் புது டிவி வந்ததும் கேபிள் படம் மங்கலாக இருக்கிறதென்றும், உப்புக்காற்றில் வயர் துருப்பிடித்திருக்கும் என்றும் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கேபிளில் வரும் டிஜிட்டல் சிக்னல் பலவீனமானால் படம் கட்டங்கட்டமாக உடையும் அல்லது உறைந்து நிற்கும். ஒரே சீராக மங்காது. எனவே துருவின் மீது பழி போடுவதற்கில்லை.

முழு எச்டி திரையின் புள்ளிகள் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்று நிலையானவை. சாதாரணச் சேனல் தருவதோ 576 வரிகள். அதை 1080 ஆக்க 1.875 மடங்கு பெருக்க வேண்டியிருப்பதால், ஒரு வரி இன்னொரு வரியின் மீது சரியாகப் பொருந்தாமல், பக்கத்துப் புள்ளிகளின் சராசரியைக் கொண்டே டிவி இடைவெளியை நிரப்புகிறது. எழுத்துகளின் விளிம்பு மழுங்குவது அதனால்தான். 720 வரிப் படம் 4கே எனப்படும் 2160 வரித் திரைக்குச் சரியாக மூன்று மடங்கு என்பதால் அங்கே கணக்கு எளிது.

மேலும், அந்த 576 வரிகளும் ஒற்றைப்படை, இரட்டைப்படை என இரு பாதிகளாக, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் வருகின்றன. அவற்றைச் சரிவர இணைக்காவிட்டால், கபடியில் பாடிச் செல்பவரின் கை விளிம்பில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரியும்.

மாமா வீட்டில் செய்தி ஓடும் கீழ்வரி பாதி வெட்டுப்பட்டும் இருந்தது. அது பழைய குழாய் டிவி காலத்து வழக்கப்படி ஓரங்களைச் சற்றே வெளியே தள்ளும் அமைப்பு. பட அளவு மெனுவில் அதை அணைத்ததும் முழு வரியும் தெரிந்தது.