காட்சிக்கு முன்னே வீட்டைக் காட்டுவது

விக்டோரியா அரசியின் ஆட்சிக் காலத்தில், அதாவது 1837க்கும் 1901க்கும் இடையில், கட்டப்பட்ட எங்கள் மலையூர் வீட்டை விற்பதென்று குடும்பத்தில் முடிவானதும், தரகர் முதலில் கேட்டது மாடியிலிருந்து தெரியும் மலைத்தொடரின் படத்தைத்தான். அவர் கேட்டது நியாயமே. மலையூரில் வீடு தேடுகிறவர்களை அழைத்து வருவது அந்தக் காட்சிதான். ஆனால் காட்சிக்காக மட்டும் வாங்குகிறவர், முதல் மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறியவுடன் மனம் வெறுத்துப்போவார். அவசரத்தில் அவர் செய்யும் பழுதுபார்ப்பு, நூறாண்டு தாண்டி நின்ற சுவரைச் சில ஆண்டுகளில் கெடுத்துவிடும். ஆகவே, இந்த வீட்டைப் பற்றி அறிந்த அனைத்தையும் ஒளிவுமறைவின்றி ஒப்படைப்பதே விற்பனையின் பெரும்பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விற்பதற்கு முன் ஜன்னல்களை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் சட்டம் போட்டால் நல்ல விலை போகும் என்று பலர் சொன்னார்கள். நாங்கள் இசையவில்லை. பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இலும், ஜன்னல் வரி 1851இலும் நீக்கப்பட்ட பிறகுதான் அக்காலப் பாணி வீடுகளில் பெரிய கண்ணாடிகள் பரவலாக இடம்பெறத் தொடங்கின. அந்த மாற்றத்தை இன்றும் கண்ணால் காணக்கூடிய இடம் இந்த ஜன்னல்கள்தாம். மேலும் கீழுமாக நகரும் ஒவ்வொரு கதவும் இரு பக்கமும் ஒவ்வொரு கயிற்றில் தொங்குகிறது. ஒவ்வொரு கயிறும் மேலே உள்ள சிறு கப்பியைச் சுற்றி, பக்கவாட்டுப் பெட்டிக்குள் மறைந்திருக்கும் இரும்பு எடைக்கல்லில் முடிகிறது. எடை சரியாக அமைந்திருந்தால், பாதி உயரத்தில் கையை எடுத்தாலும் கதவு அங்கேயே நிற்கும். கயிறு அறுந்தால் பலரும் ஜன்னல் பழுதென்று ஆணியடித்து மூடிவிடுகிறார்கள்; உள்பக்க மரப்பட்டையைக் கழற்றிப் புதுக் கயிறு கோப்பது, விவரம் தெரிந்த தச்சருக்குச் சிறு வேலை. பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் செய்து காட்டுவது இதைத்தான்.

அடுத்தது சுவர். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824இலேயே காப்புரிமை பெறப்பட்டிருந்தும், அக்காலக் கொத்தனார்கள் வீட்டுச் சுவர்களுக்குப் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்தினார்கள். செங்கல்லைவிட மென்மையான அந்தச் சாந்தின் வழியாகச் சுவரிலுள்ள ஈரம் வெளியேறிவிடும். இணைப்புகளைச் சிமெண்ட் கொண்டு அடைத்தால், ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, கடுங்குளிரில் உறைந்து விரிந்து, செங்கல்லின் முகத்தையே பெயர்த்து எறிந்துவிடும். ஓதத்தின் மேல் புதுப் பூச்சுப் பூசி மறைத்து விற்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். எங்கள் வீட்டின் வடக்குச் சுவரிலுள்ள கறையை அப்படியே விட்டுவைத்து, அதற்கு மேலே கூரையின் மழைநீரை வாங்கும் தாரையையும் சேர்த்துக் காட்டுகிறோம்.

சட்டம் ஊருக்கு ஊர் வேறுபடும். இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடத்தில், அதாவது வரலாற்று அல்லது கட்டடக்கலைச் சிறப்புக்காக அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்ட கட்டடத்தில், அதன் சிறப்பைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தைச் சரிசெய்யும் பொறுப்புகூடப் புதியவர் தலையில் விழலாம். அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இடம்பெறுவது மட்டும் தனியார் உரிமையாளரின் கையைக் கட்டுவதில்லை, உள்ளூர் விதிகளே கட்டும். ஆனால் அங்கே 1978க்கு முன் கட்டிய வீடு என்றால், ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருப்பது தெரிந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். எங்கும் பொருந்துவது ஒன்றுண்டு: பெற்ற அனுமதிகள், மின்கம்பி மாற்றிய விவரம், கூரை வேலைக்கான ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்தால் பேச்சுவார்த்தை வீண் சந்தேகமின்றி நடக்கும்.

மலைச்சரிவில் நிற்கும் வீட்டுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் எங்கே போகிறது, தாங்குசுவரின் வடிகால் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்பதை வாங்குபவர் கேட்காவிட்டாலும் விற்பவர் சொல்ல வேண்டும். முடிந்தால் நல்ல மழை பெய்யும் நாளிலேயே அழைத்துக் காட்ட வேண்டும்.

அண்மையில் வந்த ஒருவர், வந்தவுடன் பரணுக்கு ஏற ஏணி கேட்டார். உத்தரங்களைத் தட்டிப் பார்த்தார், கூரையின் சிலேட்டு ஓடுகளுக்கு மாற்று ஓடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். அவர் சொன்ன விலை வேறொருவர் சொன்னதைவிடச் சற்றுக் குறைவுதான். இருந்தாலும் வீட்டில் அனைவரும் கூடிப் பேசி, அவருக்கே கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.