ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரே யூயூஐடி: நான் பட்ட பாடு

பழைய சாட்டா எஸ்எஸ்டிய டிடிங்கிற காப்பி கமாண்ட் போட்டு புது என்விஎம்இ டிஸ்க்குக்கு அப்படியே காப்பி பண்ணேன். பூட் ஆர்டர்ல புதுச மேல ஏத்தினேன், லினக்ஸ் வந்துச்சு, மூணு நாள் நிம்மதியா வேலையும் பாத்தேன். நாலாவது நாள் பழச கழட்டிட்டு ஆன் பண்ணா, சிஸ்டம் நல்லாத்தான் வருது, ஆனா மூணு நாளா செஞ்சது ஒண்ணையும் காணோம். டவுன்லோட்ஸ் ஃபோல்டர்கூட காப்பி பண்ண அன்னிக்கு இருந்தபடியே இருக்கு. வயித்தக் கலக்கிடுச்சு.

பழசத் திரும்ப மாட்டி டிஸ்க் லிஸ்ட் காட்டுற எல்எஸ்பிஎல்கே கமாண்ட அடிச்சப்பதான் தெரிஞ்சுது, ரூட், அதாவது சிஸ்டம் இருக்குற பார்ட்டிஷன், மவுன்ட் ஆகியிருந்தது பழைய டிஸ்க்கோட எஸ்டிஏ2ல. பூட் ஆர்டர்ல முன்னாடி நின்னது புதுசு, ஓடிட்டு இருந்தது பழசு! போர்ட்ல இருக்குற ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ வேலை என்னன்னா, பூட் ஃபைல்கள் இருக்குற இஎஸ்பி பார்ட்டிஷன்ல இருந்து, லினக்ஸ ஏத்தி விடுற க்ரப்ப எழுப்பி விடுறதோட சரி, அதுக்கப்புறம் க்ரப் தன் கான்ஃபிக்ல இருக்குற யூயூஐடி, அதாவது பார்ட்டிஷனோட அடையாள நம்பர், எந்த பார்ட்டிஷன்ல இருக்குன்னு தேடும், லினக்ஸ் கிளம்புறப்பவும் ரூட்ட அதே யூயூஐடிய வச்சுத்தான் கண்டுபிடிக்கும், டிடி ஒரு பைட் விடாம காப்பி பண்றதால அந்த நம்பரும் சேந்து வந்துடுச்சு. ஒரே பேர்ல ரெண்டு பேர் நின்னா கூப்பிட்டதும் எவன் வருவான்னு யாருக்குத் தெரியும்.

மூணு நாள் ஃபைல்கள புதுசுக்கு மாத்திட்டு, லைவ் யூஎஸ்பில போய் ட்யூன்2எஃப்எஸ்ங்கிற டூல வச்சு புதுசோட யூயூஐடிய மாத்தினேன். முதல்ல பார்ட்டிஷன சரிபாக்குற இ2எஃப்எஸ்சிகே ஓட்டிட்டு வான்னு திருப்பி அனுப்புச்சு, ஓட்டினேன். எந்த பார்ட்டிஷன எங்க மவுன்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்லயும் புது நம்பரப் போட்டேன். ரொம்ப விவரமா இருக்கோம்னு ஒரு நினைப்பு வேற. பழசக் கழட்டி ஆன் பண்ணேன்: "நோ சச் டிவைஸ்", கீழ க்ரப் ரெஸ்க்யூங்கிற அவசர கமாண்ட் ஸ்க்ரீன். க்ரப்புக்கு யாருமே புது நம்பரச் சொல்லலையே!

இந்த ரெஸ்க்யூல வந்து மாட்டிக்கிறவங்க முதல்ல யூஎஸ்பிய எல்லாம் புடுங்கிடுங்க. க்ரப் டிஸ்க்குகளுக்கு வைக்கிற ஹெச்டி0, ஹெச்டி1 எல்லாம் ஃபர்ம்வேர் காட்டுற வரிசைதான், ஒரு பென்டிரைவ் இருந்தாலே மாறிடும். டிஸ்க் எண்ணிக்கை 0ல ஆரம்பிக்கும், பார்ட்டிஷன் மட்டும் 1ல இருந்து, அதுலயே கொஞ்ச நேரம் போச்சு. எல்எஸ் அடிச்சு ஒவ்வொண்ணா பாத்து, ஹெச்டி0 ஜிபிடி2ல, அதாவது முதல் டிஸ்க்கோட ரெண்டாவது பார்ட்டிஷன்ல, பூட் ஃபோல்டர் இருக்குன்னு தெரிஞ்சதும் ரூட்டையும், க்ரப் தன் ஃபைல்களத் தேடுற இடமான ப்ரிஃபிக்ஸையும் அதுக்கு செட் பண்ணி, நார்மல் மாட்யூல ஏத்தி, நார்மல்னு அடிச்சேன். மெனு வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு சந்தோஷம். அதுல இ அழுத்தி கெர்னல் வரில ரூட் யூயூஐடிக்கு பதிலா என்விஎம்இ பார்ட்டிஷன் பேரையே போட்டேன். அந்த 36 எழுத்து நம்பர கையால அடிக்க யாரால முடியும்.

உள்ள போய் அப்டேட் க்ரப் ஓட்டி ரீபூட் பண்ணா, மறுபடியும் ரெஸ்க்யூ! கடுப்பாயிடுச்சு. அது மெனு கான்ஃபிக்க மட்டுந்தான் மாத்துது, இஎஸ்பில இருக்குற க்ரப் இன்னும் பழைய நம்பரத்தான் தேடிட்டு இருக்கு. மறுபடி அதே கூத்து, இந்தத் தடவ கமாண்ட் எல்லாம் மனப்பாடம். இஎஸ்பில இருக்குறதயும் புதுசா எழுதுற க்ரப் இன்ஸ்டாலும் சேத்து ஓட்டினப்புறம்தான் ஒழுங்கா வந்துச்சு.

யூயூஐடில கை வைக்கிறதுக்கு முன்னாடி எல்லா யூயூஐடியையும் காட்டுற பிஎல்கேஐடி கமாண்டோட அவுட்புட்ட போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. பழைய டிஸ்க் இப்ப டிராயர்ல கிடக்குது, வேற மெஷின்ல வச்சு சுத்தமா அழிக்காம இதுல திரும்ப மாட்டுறதா இல்ல.